கவிழ்த்துப் பார்க்க வேண்டிய கப்பல்கள்: பழைய டைகாஸ்ட் மாதிரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் அடங்குகிற பழைய உலோகக் கப்பல்களைச் சேர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஓர் இடத்தில் வந்து நிற்கும்: இது என்ன உலோகம்? அதனால் அதிலேயே ஆரம்பிப்போம்.

உலோகத்தில் செய்த சின்னக் கப்பல் எல்லாமே டைகாஸ்ட்தானா?

இல்லை. பேச்சு வழக்கில் அப்படிச் சொல்லிவிடுகிறோம், அவ்வளவுதான். உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பதுதான் டைகாஸ்ட். அதற்குப் பெரும்பாலும் துத்தநாகக் கலவை பயன்படும். ரப்பர் அச்சைச் சுழற்றி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்மையான உலோகத்தை வார்ப்பது வேறு முறை. தகரத்தை வெட்டி மடக்கிச் செய்தவை மூன்றாவது வகை. இந்த மூன்றும் ஒரே சேகரிப்பில், சில சமயம் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். பார்வைக்கு எல்லாம் சாம்பல் நிறப் போர்க்கப்பல்தான். ஆனால் ஒன்றுக்குச் செய்கிற பராமரிப்பு இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

என்ன உலோகம் என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டினால் தகரம். துத்தநாகமும் ஈயமும் காந்தத்தை மதிக்காது. அச்சாணிகள் மட்டும் எஃகாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒட்டும், அதைக் கண்டு ஏமாற வேண்டாம்.

அடுத்தது எடை. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் சுமார் 11.3 கிராம், துத்தநாகக் கலவை ஏழு கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு கப்பல்களை இரு கைகளில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். அதிலும் ஈயக் கப்பல் பெரும்பாலும் கெட்டியாக வார்த்ததாக இருக்கும். துத்தநாகக் கப்பலின் அடிப்பக்கம் பல சமயம் குழிவாக இருக்கும். அந்தக் குழிக்குள் சின்னச் சின்ன வட்டத் தடங்கள் தெரிந்தால், அவை அச்சிலிருந்து வார்ப்பை வெளியே தள்ளிய ஊசிகளின் தடங்கள். டைகாஸ்ட் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்னும் சந்தேகமா? பெயிண்ட் இல்லாத ஒரு மூலையை வெள்ளைக் காகிதத்தில் லேசாக உரசுங்கள். பென்சில் கோடுபோல் சாம்பல் கோடு விழுந்தால் ஈயக் கலவை. உரசிய பிறகு கையைக் கழுவிவிடுங்கள். தண்ணீரில் முக்கி அடர்த்தி கணக்கிடும் பள்ளிக்கூடப் பரிசோதனை மட்டும் வேண்டாம். பெயிண்ட் விரிசலுக்குள் போன தண்ணீர் சீக்கிரம் வெளியே வராது.

அடிப்பக்கத்தில் எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை எப்படிப் படிப்பது?

பக்கவாட்டிலிருந்து சாய்வாக டார்ச் அடித்துப் படியுங்கள். நேராக அடித்தால் எழுத்தெல்லாம் மறைந்துவிடும். கப்பலின் பெயர், தயாரிப்பாளர் பெயர், அளவு விகிதம், நாடு ஆகிய நான்கில் எது கிடைத்தாலும் பாதி வேலை முடிந்தது.

ஓர் எழுத்து எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஓர் உதாரணம். பிரிட்டனின் மெக்கானோ என்ற பொம்மை நிறுவனத்தின் டிங்கி டாய்ஸ் வரிசையில் 1934-ல் ஒரு பயணிகள் கப்பல் வந்தது. அப்போது அசல் கப்பலுக்கே பெயர் வைக்கவில்லை. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் கட்டுதளத்தில் அதன் கட்டுமான எண் 534. பணமுடையால் 1931 டிசம்பரில் வேலை நின்று, 1934 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கியது. பொம்மையும் '534' என்றே விற்கப்பட்டது. 1934 செப்டம்பர் 26 அன்று கப்பல் நீரில் இறங்கி 'குயின் மேரி' ஆனது, அப்புறம் பொம்மையும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. ஆகவே அந்த எண் தாங்கிய டிங்கி, பெயர் சூட்டு விழாவுக்கு முந்தைய சில மாதங்களின் சாட்சி. மேலிருந்து பார்க்கிறவருக்கு இதில் எதுவும் தெரியாது. இதனால்தான் எந்தக் கப்பல் கைக்கு வந்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

எழுத்தே இல்லை. இப்போது என்ன செய்வது?

அளவுகோலை எடுங்கள். அணியத்தின் (கப்பலின் முன்பகுதி) முனையிலிருந்து பின்முனை வரை மில்லிமீட்டர் துல்லியமாக அளந்து, அதை 1200, 1250, 1800 ஆகிய மூன்றாலும் பெருக்குங்கள். இந்த மாதிரிகள் பெரும்பாலும் அசலை இத்தனை மடங்கு சுருக்கிச் செய்தவை; 1:1200 என்று எழுதுவதும் அதைத்தான். மூன்று விடைகளில் ஒன்று ஏதாவது ஓர் அசல் கப்பலின் நீளத்தோடு பொருந்தும்.

கையில் இருப்பது 14.6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1800 ஆல் பெருக்கினால் சுமார் 263 மீட்டர். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹூட்டின் நீளம் 262 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு புகைபோக்கிகள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பீரங்கி மேடைகள் என்று மற்ற அடையாளங்களும் ஒத்துப்போனால், அது போருக்கு முந்தைய டிங்கியின் ஹூட்டாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நீளம் மட்டும் போதாது என்பதற்குக் குயின் மேரியும் குயின் எலிசபெத்துமே சாட்சி. 311 மீட்டர், 314 மீட்டர். 1:1200 அளவில் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. மேரிக்கு மூன்று புகைபோக்கி, எலிசபெத்துக்கு இரண்டு என்று எண்ணிவிட்டால் தீர்ந்தது. முதலில் புகைபோக்கி, அடுத்து பீரங்கி மேடை, அப்புறம் அணியத்தின் வளைவு, இந்த வரிசையில் பார்ப்பது என் பழக்கம். கொடிமரங்களை நம்ப மாட்டேன். அவைதான் முதலில் உடைந்து, முதலில் மாற்றப்படுபவை.

1:1200, 1:1250, 1:1800 என்று ஏன் இத்தனை விகிதங்கள்?

எல்லாம் அளவை முறையால் வந்த வினை. ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால், நூறு அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் 1:1200; நூற்றைம்பது அடியைச் சுருக்கினால் 1:1800. அடி, அங்குலத்தில் யோசித்த பிரிட்டனும் அமெரிக்காவும் 1:1200 பக்கம் போனார்கள். மீட்டரில் யோசித்த ஜெர்மானியர்களுக்கு 1:1250 வசதி, 250 மீட்டர்க் கப்பல் சரியாக 20 சென்டிமீட்டர்.

இரண்டுக்கும் வித்தியாசம் நான்கு சதவீதம்தான். ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க் 1:1250-ல் 20 சென்டிமீட்டர் என்றால் 1:1200-ல் கிட்டத்தட்ட 21. ஒரே அலமாரியில் கலந்து வைத்தால் கண்ணுக்கு உறுத்தாது. ஆனால் அடையாளம் காணும்போது அந்த ஒரு சென்டிமீட்டர்தான் தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும்.

எந்தெந்தத் தயாரிப்புகள் அதிகம் கைக்கு வரும்?

அதிகம் கண்ணில் படுவது டிரையாங் மினிக். பிரிட்டனின் லைன்ஸ் பிரதர்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. 1959-ல் தொடங்கி 1960களின் நடுப்பகுதி வரை 1:1200 அளவில் வந்தது. எல்லாம் நீர்மட்டத்தோடு வெட்டிய மாதிரிகள், அதாவது நீருக்கு மேல் தெரியும் பகுதி மட்டும். பயணிகள் கப்பல், போர்க்கப்பல், இழுவைப் படகு என்று பெரிய வரிசை. அதோடு நிற்காமல் துறைமேடை, கிரேன், கலங்கரை விளக்கம், சுதந்திர தேவி சிலை என்று துறைமுகத்தையே சின்னதாக்கி விற்றார்கள். மினிக்கில் ஒரே அச்சிலிருந்து சகோதரக் கப்பல்கள் வருவது சகஜம். குனார்டு என்ற கப்பல் நிறுவனத்தின் சாக்சோனியா, ஐவர்னியா, கரிந்தியா, சில்வேனியா நான்கையும் மேலிருந்து பார்த்துப் பிரிக்க முயல்வது வீண் வேலை. அடிப்பக்கப் பெயர் ஒன்றே வழி.

டிங்கி இரண்டு காலத்துக்காரர். 1930களின் 1:1800 சின்னக் கப்பல்கள் ஒன்று. 1970களில் வந்த ரோந்துப் படகு, ஏவுகணைப் படகு போன்ற பெரிய, பிளாஸ்டிக் கலந்த பொம்மைகள் இன்னொன்று. பெயர் ஒன்று, குணம் வேறு.

அமெரிக்காவின் டூட்சிடாய் கப்பல்களுக்கு அடியில் சின்னச் சக்கரங்கள் இருக்கும். துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். தரையில் உருட்டி விளையாடச் செய்தவை, அந்த வெகுளித்தனம்தான் அவற்றின் அழகு. 1976-ல் மேட்ச்பாக்ஸ் வெளியிட்ட சீ கிங்ஸ் வரிசையும் சக்கரக் கப்பல்தான். உலோக உடல், மேலே பிளாஸ்டிக் கட்டுமானம்.

பொம்மையாகப் பிறக்காதவை தனி வகை. இரண்டாம் உலகப் போரில் எதிரிக் கப்பலையும் நம் கப்பலையும் தொலைவிலிருந்தே பிரித்தறியப் பயிற்சி தர, அமெரிக்கக் கடற்படைக்காக ஃப்ராம்பர்க், காமெட் போன்ற நிறுவனங்கள் 1:1200 மாதிரிகளைச் செய்தன. பிரிட்டனின் பாசெட் லோக், ஜெர்மனியின் வைகிங் மாதிரிகளும் இந்த வேலைக்குப் போயின. கணக்கு எளிது: 1:1200 மாதிரியைப் பத்து மீட்டர் தள்ளி வைத்தால், பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அசல் கப்பல் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும். இவற்றில் ஈயக் கலவை அதிகம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கீழே வெள்ளைப் பொடி பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

அசலா, பின்னால் வந்த மறுவெளியீடா?

மினிக் விஷயத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். லைன்ஸ் பிரதர்ஸ் 1971-ல் சரிந்த பிறகு, 1976-ல் ஹார்ன்பி என்ற நிறுவனத்தின் பெயரில் சில மினிக் கப்பல்கள் மறுபடி வந்தன. அவை ஹாங்காங்கில் செய்யப்பட்டவை, அடியில் சக்கரம் உண்டு. பழைய மினிக் இங்கிலாந்தில் செய்தது, அடி தட்டை. மறுபடியும் அதே வேலைதான், கவிழ்த்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். மறுவெளியீடு மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். அசலின் விலைக்கு அதை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவே.

மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்?

எழுத்துகளின் விளிம்பைப் பாருங்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் மெல்லியது, வார்ப்பின் கூர்மை அப்படியே தெரியும். தூரிகையால் மேலே ஒரு பூச்சு ஏறினால் சன்னல் வரிசை, படகுகள், தளப் பலகைக் கோடுகள் எல்லாம் மழுங்கிவிடும். பெயிண்ட் உதிர்ந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அடுக்குகள் தெரியும். சாம்பலுக்கு அடியில் இன்னொரு சாம்பல் இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

விதிவிலக்கும் உண்டு. பயிற்சி மாதிரிகளுக்குப் போர்க்காலத்திலேயே மறுபூச்சு கொடுத்திருக்கலாம். அது அவற்றின் வரலாறு, சுரண்டி எடுக்காதீர்கள். நிறம் விசித்திரமாக இருப்பதாலேயே மறுபூச்சு என்று முடிவுகட்டவும் வேண்டாம். குனார்டின் பயணிகள் கப்பல் கரோனியா வெளிர்பச்சையில் இருந்தால் யாரோ விளையாட்டாக அடித்தது அல்ல. அசல் கரோனியாவே பச்சைக் கப்பல்தான்.

கப்பல் வளைந்திருக்கிறது, உடலில் விரிசல். பசை போட்டு ஒட்டலாமா?

ஒட்டலாம், ஆனால் நிற்காது. இது அடிபட்டதால் வந்த விரிசல் இல்லை, உலோகத்துக்குள்ளிருந்தே வருகிற நோய். ஆங்கிலத்தில் 'ஜிங்க் பெஸ்ட்' என்பார்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் துளி அளவு கலந்துவிட்டாலும், அது உலோகப் படிகங்களுக்கு நடுவில் போய்ச் சேர்ந்துகொள்ளும். காற்றின் ஈரம் அந்த இடைவெளி வழியாகவே உள்ளே அரித்துக்கொண்டு போகும். அரித்த பொருள் உப்புவதால் கப்பல் நீளும், வளையும், சிலந்தி வலைபோல் விரிசல் விடும், கடைசியில் பிஸ்கட் மாதிரி பொடிந்துபோகும்.

1929-ல் நியூஜெர்சி ஜிங்க் நிறுவனம் 'ஜமாக்' கலவைகளைக் கொண்டுவந்தது. அவற்றின் ரகசியமே 99.99 சதவீதம் தூய்மையான துத்தநாகம்தான். ஆனால் எல்லாப் பொம்மைத் தொழிற்சாலைகளும் அந்தத் தூய்மையைக் காப்பாற்றவில்லை. மிஞ்சிய ஈயத் துண்டோ வேறு கழிவோ உலையில் விழுந்தால் போதும். 1930களின் டிங்கி கப்பல்கள் இதற்குப் பேர்போனவை. 1960களின் மினிக்கில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

சரி, இது தொற்றுமா? தொற்றாது. ஒரே பெட்டியில் இரண்டு நொறுங்கினால், இரண்டும் ஒரே உலையில் பிறந்தவை என்று அர்த்தம். குணமாகுமா? ஆகாது. வேகத்தைக் குறைக்கலாம். சூடும் ஈரமும்தான் அதைத் துரத்துகின்றன, ஆகவே வறண்ட, குளிர்ந்த, மாற்றமில்லாத இடத்தில் வையுங்கள். வளைந்ததை நிமிர்த்த மட்டும் முயலாதீர்கள். நான் முயன்றிருக்கிறேன். 'டக்' என்று ஒரு சத்தம், கையில் இரண்டு பாதிக் கப்பல்.

வாங்கும்போது தட்டையான கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். நடுவிலோ முனைகளிலோ இடைவெளி தெரிந்தால் விலை பேசுவதற்கு முன் நிறைய யோசியுங்கள்.

கப்பல்மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. பூஞ்சையா?

ஈயக் கப்பலாக இருந்தால் பூஞ்சை அல்ல, ஈய கார்பனேட். காற்றிலிருக்கும் அமிலம் ஈயத்தை அரிக்கிறது. அந்த அமிலம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தவன். ஆசை ஆசையாகச் செய்வித்த ஓக் மர இழுப்பறையில் பயிற்சிக் கப்பல்களை அடுக்கி மூடி வைத்தேன். தூசு படாது, வெயில் படாது என்று பெருமை வேறு. ஒன்றரை வருடம் கழித்துத் திறந்தபோது முன்வரிசை முழுவதும் விபூதி பூசியதுபோல் இருந்தது. பக்கத்திலேயே திறந்த கண்ணாடி அலமாரியில் தூசு படிந்து கிடந்தவை நன்றாக இருந்தன.

ஓக் மரம் அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும், வினிகரில் இருக்கும் அதே அமிலம். எம்.டி.எஃப், பிளைவுட் போன்ற பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும், அது ஃபார்மிக் அமிலமாக மாறும். புது பெயிண்ட், மலிவான அட்டை, வினிகர் வாசம் வீசும் சிலிகான் பசை எல்லாம் அதே கூட்டம். மூடிய இழுப்பறையில் அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

பொடி படிந்த கப்பலை மற்றவற்றிலிருந்து எடுத்து நல்ல காற்றுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். கையுறை போட்டு, ஈரப்படுத்திய பஞ்சால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த தூரிகையால் தட்டவோ வாயால் ஊதவோ கூடாது. அந்தப் பொடி நஞ்சு. பஞ்சை மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். அரிப்பு ஆழமாகப் போயிருந்தால் உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் நல்லது.

என் அலமாரி பாதுகாப்பானதா என்று எப்படிச் சோதிப்பது?

பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடி 1973-ல் ஒரு சோதனையை விவரித்தார். சந்தேகப்படும் பொருளோடு பளபளப்பான உலோகத் துண்டுகளையும் கொஞ்சம் ஈரத்தையும் மூடிய கண்ணாடிக் குப்பியில் போட்டு, 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்ப்பது. அருங்காட்சியகங்கள் இன்றும் அதை 'ஆடி சோதனை' என்றே சொல்கின்றன.

வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தைப் பளபளவென்று சுரண்டி, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து இழுப்பறையின் மூலையில் விட்டுவிடுங்கள். வெறுமனே மங்கினால் கவலையில்லை. சில மாதங்களில் வெள்ளை பூத்தால் கப்பல்களை அங்கே வைக்காதீர்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது?

எவ்வளவு குறைவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு. மிருதுவான ஒப்பனைத் தூரிகையும், கேமராவுக்கு ஊதும் ரப்பர்க் குமிழும் போதும். வெள்ளைப் பொடி இல்லாத கப்பல்களுக்குத்தான் இதுவும். பிசுக்கு ஏறிய துத்தநாகக் கப்பலுக்குப் பெயிண்ட் முழுதாக இருந்தால், மிதமான சோப்பு கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து உடனே உலர்த்தலாம். ஒட்டுப்படம் உள்ள இடத்தைத் தொடாதீர்கள். எலுமிச்சை, வினிகர், உலோகப் பாலிஷ், அசெட்டோன் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும் என்பார்களே, சுத்தம் செய்த கப்பலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கொடிமரம் உடைந்துபோனதை மாற்றலாமா?

மாற்றலாம். பழைய துண்டைத் தூக்கிப் போடாமல் சின்னப் பையில் பெயர் எழுதி வையுங்கள். புது மரத்தைத் துளையில் பசையில்லாமல் செருக முடிந்தால் அதுவே நல்லது. 'சூப்பர் குளூ' வகைப் பசையின் ஆவி சுற்றியுள்ள பெயிண்டில் வெண்படலம் ஏற்றிவிடும். விற்கும்போது மாற்றியதைச் சொல்லிவிடுங்கள்.

காட்சிக்கு வைக்க எது சிறந்தது?

கண்ணாடியும், பவுடர் கோட்டிங் செய்த உலோகச் சட்டமும் கொண்ட அலமாரி. மரத்தாலானதுதான் இருக்கிறது என்றால் அலுமினியத் தாள் ஒட்டிய தடுப்புப் படலத்தை உள்ளே விரிக்கலாம். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் சில வாரங்கள் காலியாகத் திறந்து வையுங்கள், வாசம் முழுக்கப் போகட்டும்.

உயரம் பலர் யோசிக்காத விஷயம். நீர்மட்ட மாதிரியைக் கண்ணுக்கு நேராக வைத்தால் அது மேசைமேல் கிடக்கும் உலோகத் துண்டு. கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, மார்பு உயரத்தில் வைத்தால் மலை உச்சியிலிருந்து துறைமுகத்தைப் பார்க்கிற உணர்வு வரும். அடியில் கருநீல அக்ரிலிக் பலகை போட்டால் நிழல் விழுந்து நீர்போலத் தோன்றும். அலை, நுரை எல்லாம் செய்து ஒட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை, கண் நுரைக்குப் போய்விடுகிறது.

நெருக்கி அடுக்காதீர்கள். ஒரு விகிதத்துக்கு ஒரு தட்டு. 1:1800 டிங்கி குயின் மேரி 17 சென்டிமீட்டர், மினிக் குயின் மேரி 26. இரண்டையும் அருகருகே வைத்தால் டிங்கி பாவம் குட்டிபோல ஆகிவிடும்.

விளக்கு?

எல்.இ.டி, அதுவும் அலமாரிக்கு வெளியே. ஹாலஜன் விளக்கு உள்ளே இருந்தால் ஒவ்வொரு நாளும் சூடேறிக் குளிரும், அது நோயுள்ள துத்தநாகத்துக்கு நேர் எதிரி. சன்னல் வெயில் குனார்டு புகைபோக்கியின் சிவப்பை வெளிறச் செய்துவிடும்.

தட்டில் நகராமல் எப்படி நிறுத்துவது?

மைக்ரோ கிரிஸ்டலின் மெழுகு மிளகளவு போதும். சுவரில் படம் ஒட்டும் நீலப் பசைக்களிமண் எண்ணெய் கசிந்து கறை விடும்.

காட்சிக்கு வைக்காதவற்றை எப்படிச் சேமிப்பது?

அமிலமற்ற மெல்லிய காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் பெட்டியில் ஒரே அடுக்காக. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, ஒரு சின்ன ஈரமானி வாங்கிப் போடுங்கள். சிலிகா ஜெல் பொட்டலம் வைக்கலாம். ஆனால் வைத்துவிட்டு மறந்தால் பயனில்லை, ஈரம் குடித்து நிறைந்ததைக் காயவைத்துத் திரும்ப வைக்க வேண்டும். மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரண், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி இரண்டும் வேண்டாம்.

குமிழி உறை நேராகப் பெயிண்டைத் தொடக் கூடாது. மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டிருந்தால் வட்ட வட்டமாகத் தடம் விழும். மென்மையான பி.வி.சி பைகள் எண்ணெய்ப் பிசுக்கு விடும். மஞ்சள் நுரைப் பஞ்சு சில ஆண்டுகளில் பிசினாகிக் கப்பலோடு ஒட்டிக்கொள்ளும், அதைப் பிரிப்பதைவிடக் கொடுமையான வேலை இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, அதுவும் வேண்டாம்.

ஈயக் கப்பலையும் துத்தநாகக் கப்பலையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். தொற்றும் என்பதற்காக அல்ல. எதைத் தொட்டால் கை கழுவ வேண்டும், எதை எப்படித் துடைக்க வேண்டும் என்று பெட்டியைப் பார்த்ததுமே தெரிய வேண்டும்.

அசல் அட்டைப்பெட்டியிலேயே கப்பலை வைக்கலாமா?

பெட்டிக்கும் மதிப்பு உண்டு, சில சமயம் கப்பலுக்குச் சமமாக. ஆனால் பழைய அட்டை அமிலம் விடும். பெட்டியைத் தட்டையாக்காமல், உள்ளே அமிலமற்ற காகிதம் நிரப்பித் தனியாக வையுங்கள். கிழிந்த ஓரத்துக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். எந்தக் கப்பல் எந்தப் பெட்டிக்குச் சொந்தம் என்று குறித்து வைத்தால் போதும்.

பட்டியல் எப்படிப் போடுவது?

ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று படம்: மேலிருந்து, பக்கவாட்டில், அடிப்பக்கம். அடிப்பக்கப் படத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நீளம், எடை, உலோகம், எழுத்துகள், எப்போது வாங்கியது, என்ன பழுது என்று எழுதுங்கள். நீளத்தை ஒவ்வோர் ஆண்டும் மறுபடி அளந்து பக்கத்தில் குறியுங்கள். போருக்கு முந்தைய துத்தநாகக் கப்பல் அரை மில்லிமீட்டர் வளர்ந்திருந்தால், விரிசல் தெரிவதற்கு முன்பே நோயைப் பிடித்துவிட்டீர்கள். எண் எழுதிய சீட்டைப் பெட்டியில் வையுங்கள், கப்பலில் ஒட்டாதீர்கள்.

குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாமா? சக்கரம் வைத்ததை ஓட்டலாமா?

ஈயக் கப்பலைக் கையில் கொடுக்காதீர்கள், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கட்டும். பழைய பெயிண்டிலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் மினிக், டிங்கிக்கும் அதே விதி. ஏற்கெனவே அடிபட்ட, பெட்டி தொலைந்த ஒரு மேட்ச்பாக்ஸ் சீ கிங்ஸ் கிடைத்தால் கதை வேறு. கொஞ்சம் வளர்ந்த பிள்ளையாக இருந்தால், பிளாஸ்டிக் பாகங்கள் எதுவும் ஆடவில்லை என்று பார்த்துவிட்டு வழவழப்பான தரையில் விடுங்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. அலமாரிக்குள் அதற்கு இடம் ஒதுக்கவில்லை, சாப்பாட்டு மேசைக்கு அடியில்தான் அதன் கடல்.